இரவு ஷிப்ட் முடிந்து வந்தும் ஏன் தூக்கம் பிடிப்பதில்லை?

கேள்வி: சோமனூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறேன். வயது 36. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். இரவு ஷிப்டில் காலை 7 மணிக்கு வேலை முடித்து, பைக்கில் பல்லடம் அருகே உள்ள வீட்டுக்கு வந்து படுத்தால் 11 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சிமெண்ட் ஷீட் வீடு. தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை. வேலை நேரத்தை மில் மாற்றிவிட்டது; உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் சூரியனைப் பார்த்தே ஓடுகிறது.

மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. தலைமைக் கடிகாரம் அதுதான். இருட்டறையில் அடைத்தாலும் ஓடும். ஆனால் ஒரு சுற்றுக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பிசகைத் தினமும் திருத்துவது கண்ணில் படும் வெளிச்சம்.

அதிகாலை 4 மணி வாக்கில் உடல் சூடு மிகவும் தாழ்ந்திருக்கும். மெஷின் முன்னால் கண் சொக்குவது அதனால்தான். அதன் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பகலோடு கட்டிப்போட்டுவிடும். மில்லுக்குள் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). காலை வெயில் பல்லாயிரம் லக்ஸ். சோமனூரிலிருந்து பல்லடம் வரும் சாலையில் அந்த வெயில் முகத்திலேயே அடிக்கும். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் முதல் இடம் இந்தப் பயணத்துக்குத்தான் என்பேன்.

எனவே வரும்போது கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். கண் செருகினால் மட்டும் வண்டியைத் தொடவே வேண்டாம். மில் வண்டியில் வாருங்கள், இல்லையென்றால் மில்லிலேயே இருபது நிமிடம் படுத்தெழுந்து கிளம்புங்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்த காலைப் பயணம் உயிருக்கே ஆபத்தானது.

அடுத்தது அறை. ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி போடுங்கள். உடம்பு சற்றுக் குளிர்ந்தால்தான் தூக்கம் நிலைக்கும். பதினொரு மணிக்கு ஷீட் கொதித்தால் எப்படி நிலைக்கும்? கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வெப்பம் குறையும். பக்கத்துத் தறிச் சத்தம் ஒரே சீராக வருவது, பழகிவிடும். திடீரென்று அலறும் செல்போன்தான் எழுப்பும், அணைத்து வையுங்கள். கடைசி டீ இரவு 2 மணிக்கு முன்பே முடியட்டும். டீயில் இருந்து தூக்கத்தை விரட்டும் கஃபீனில் ஏறத்தாழ பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் 11 மணிக்கு விழித்தால் புரளாதீர்கள். எழுந்து சாப்பிடுங்கள். பிற்பகல் 2 முதல் 4 மணி வரை உடம்பு தானாகவே தளரும் நேரம். அப்போது இன்னொரு முறை படுங்கள். ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் தூங்கியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரமே நகரும் என்பதால் அது பழகுவதற்குள் உங்கள் வாரம் முடிந்துவிடுகிறது.

ஷிப்ட் எந்த வரிசையில் மாறுகிறது என்றும் கவனியுங்கள். பகல், மாலை, இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு எளிதில் ஈடுகொடுக்கும். தலைகீழாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள். மில்லுக்கும் இதில் செலவில்லை.

பலத்த குறட்டை, சர்க்கரை நோய், வலிப்பு இவற்றில் ஏதேனும் இருந்தால் இரவு ஷிப்டைத் தொடர்வது பற்றி மருத்துவரை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள்.