கிடேரிகளுக்குச் சோளத்தைக் கூட்டாதீர்கள், புண்ணாக்கைச் சேருங்கள்

கேள்வி: பால் மறக்கடித்த இறைச்சி இனக் கிடேரிகள் வளர்க்கிறேன். வயது ஏழு மாதம், எடை சராசரியாக 210 கிலோ. குளிர்காலத்தில் முற்றிய உலர்புல்லுடன் தலைக்கு 2 கிலோ மக்காச்சோளம் வைத்தும் உடம்பு ஏறவில்லை. புல்லையும் மிச்சம் வைக்கின்றன. சோளத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள், குறையுங்கள். நாளைக் காலை சாணத்தைக் கவனியுங்கள். கெட்டியாக, வளையம் வளையமாக அடுக்கி வைத்ததுபோல் கிடந்தால் புரதம் போதவில்லை என்று அர்த்தம்.

புல்லில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், முதல் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருகாது. தின்ற புல் அங்கேயே தங்கிவிடும். வயிறு முட்ட இருந்தும் மாடு பட்டினிதான். அதன்மேல் சோளத்தைக் கொட்டினால் அமிலம் கூடி, நார்ச் செரிமானம் இன்னும் படுத்துவிடும். மிச்சம் கிடக்கும் புல்லுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் தலைக்கு அரைக் கிலோ சோயாப் புண்ணாக்கு வையுங்கள். சோளத்தை முக்கால் கிலோவுக்குள் நிறுத்துங்கள். பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். புரதம் மிகுந்த தீவனப்பயிரான குதிரைமசால் உலர்தீவனமாகக் கிடைத்தால் புண்ணாக்கைக் குறைக்கலாம். செலவு குறையும் என்று புண்ணாக்குக்குப் பதிலாகத் தீனியில் யூரியாவைக் கலந்து கொடுப்பதை நம்பாதீர்கள். இளங்கிடேரிகளுக்கு, அதுவும் மட்டமான புல்லோடு, நான் சொல்லமாட்டேன். வெளுத்துப்போன புல்லில் வைட்டமின் ஏ இருக்காது. அது சேர்ந்த தாது உப்புக் கலவை எப்போதும் இருக்கட்டும்.

எவ்வளவு வளர வேண்டும்? தாய்ப்பசு 500 கிலோ என்றால், 15 மாதத்தில் சினைக்கு விடும்போது கிடேரி 300 முதல் 325 கிலோ இருக்க வேண்டும். அதாவது இனி வரும் எட்டு மாதத்தில் சுமார் 105 கிலோ ஏற வேண்டும், நாளுக்கு 440 கிராம். குளிரில் கொஞ்சம் பின்தங்கினாலும் பசும்புல் வந்ததும் ஈடுகட்டிவிடும். அதற்காக அளவுக்கு மீறிக் கொழுக்க வைக்காதீர்கள். இந்த வயதில் மடியில் கொழுப்பு படிந்தால் பின்னால் கன்றுக்குப் பால் குறையும்.

ரோமம் நனைந்த கிடேரிக்குக் குளிர் பல மடங்கு உறைக்கும். மழையோடு காற்றடிக்கும் நாள்களில் காற்றுத்தடுப்பும் கூடுதல் புல்லும் கட்டாயம்.

தீனித் தொட்டியில் தலைக்கு 60 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். அப்படியும் ஒதுங்கி நிற்கும் இரண்டு மூன்று கிடேரிகள் இருக்கும். அவற்றைத் தனியே பிரித்துத் தீனி வையுங்கள். மந்தையின் சராசரி எடை அவற்றின் மெலிவை மறைத்துவிடும். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தீனிக்கு முன் ஒவ்வொன்றையும் எடை பார்த்து எழுதி வையுங்கள்.