சூத்தை ஓட்டையாகுமுன் பிடிக்கலாமா? லேசர், எக்ஸ்ரே, போன் பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவை

இரண்டு மூன்று மாதமாக எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் “மெஷின்” பற்றியவைதான். லேசர் பேனை, கணினியில் தெரியும் எக்ஸ்ரே, போன் செயலி என்று ஒவ்வொருவரும் எதையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்கள், சிலர் காசும் கட்டியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதிலுக்குப் போகுமுன் ஒன்று: சூத்தை ஓட்டையாகத் தொடங்குவதில்லை. நாம் இனிப்புச் சாப்பிடும்போதெல்லாம் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அமிலம் விடுகின்றன. பல்லின் மேல் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான வெளிப்படையான எனாமலில் இருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கரைகின்றன, கொஞ்ச நேரம் கழித்து உமிழ்நீர் அவற்றைத் திருப்பி வைக்கிறது. திருப்பி வைப்பதைவிடக் கரைவது கூடிக்கொண்டே போனால் முதலில் வருவது ஒரு வெள்ளைப் புள்ளி. ஓட்டை அதற்குப் பிறகு, பல மாதம் கழித்து, சிலருக்கு வருடங்கள் கழித்து. மேற்பரப்பு உடையாத அந்தக் காலத்தில் பிடித்தால் துளைக்கவே தேவையில்லை. இந்த மெஷின்கள் எல்லாம் அந்தக் காலத்துக்காகத்தான்.

“வவுனியாவில் ஒரு கிளினிக்கில் பேனை மாதிரி ஒன்றைக் கடைவாய்ப் பல்லில் வைத்தார்கள், 27 என்று காட்டியது, அடைக்க வேண்டும் என்கிறார்கள். வலி ஒன்றும் இல்லை. அடைக்கவா?”

அந்த எண்ணை மட்டும் வைத்து அடைக்கச் சம்மதிக்காதீர்கள். அந்தப் பேனை 655 நனோமீற்றர் சிவப்பு ஒளியைப் பல்லுக்குள் விடுகிறது. சூத்தைக் கிருமிகள் விட்டுப்போன பொருட்கள் அந்த ஒளியில் மின்னும், திரும்பி வரும் மினுக்கத்தை மெஷின் 0 முதல் 99 வரை ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அதாவது அது ஓட்டையின் ஆழத்தை அளக்கவில்லை, கிருமியின் தடயத்தைத்தான் அளக்கிறது. தேத்தண்ணிக் கறை, வெற்றிலைக் கறை, பல்லில் படிந்த காரை, ஏன், சற்றுமுன் பல்லைச் சுத்தம் செய்த பசை குழிக்குள் தங்கியிருந்தால்கூட எண் ஏறிவிடும். 30க்கு மேல் போனால் சூத்தை எனாமலைத் தாண்டி டென்டினுக்குள், அதாவது அதற்கு அடியில் இருக்கும் மெதுவான படைக்குள், போயிருக்கலாம் என்று யோசிப்போம், 20க்கும் 30க்கும் இடைப்பட்டது சந்தேகத்துக்குரிய இடம். உங்களுடையது அங்கேதான் நிற்கிறது. பல்லைக் கழுவி, உலர்த்தி, மறுபடி அளக்கச் சொல்லுங்கள். “மேற்பரப்பு உடைந்திருக்கிறதா, எக்ஸ்ரேயில் டென்டினுக்குள் போயிருக்கிறதா?” என்று நேராகக் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் புளோரைட் பூசிவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். ஒருமுறை துளைத்த பல்லுக்கு வாழ்நாள் முழுக்க அடைப்பை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டி வரும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

“மகளுக்கு ஒன்பது வயது. முன்பற்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். போன் செயலியில் படம் எடுத்துப் போட்டால் ‘ஆரம்பச் சூத்தை’ என்கிறது. நாங்கள் செட்டிகுளம் பக்கம், குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான்.”

இந்தக் கேள்விக்கு நன்றி அம்மா, நம் பகுதியில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. வவுனியா மாவட்டத்திலும் அதை ஒட்டிய உலர் வலயத்திலும் பல இடங்களில் நிலத்தடிப் பாறையில் இருந்து புளோரைட் கரைந்து கிணற்று நீரில் கலக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளைக் கோடும் மேகம் மாதிரித் திட்டும் வரும், அதிகமானால் மண்ணிறமாகும். இது புளோரோசிஸ், சூத்தை அல்ல. ஆனால் போன் செயலிக்கு வெள்ளை என்றால் வெள்ளைதான், அது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. நீல ஒளியில் பல்லைப் படமெடுக்கும் விலை கூடிய கமராக்கள் இருக்கின்றன, நல்ல எனாமல் அவற்றில் பச்சையாக மின்னும், சுண்ணம் குறைந்த இடம் கறுப்பாகத் தெரியும். அவற்றில்கூட புளோரோசிஸ் கறுப்பாகத்தான் விழும், ஆள் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். புளோரோசிஸ் என்றால் இடது பக்கம் எந்தப் பல்லில் இருக்கிறதோ வலது பக்கமும் அதே பல்லில் இருக்கும், பல் முளைத்த நாளில் இருந்தே இருக்கும், லேசான வகை என்றால் தொட்டால் வழுவழு என்றிருக்கும். சூத்தைப் புள்ளி முரசு ஓரமாக, அழுக்குத் தேங்கும் இடத்தில், பிறை மாதிரி வளைந்து வரும். துடைத்து உலர்த்தினால் சோக்குக்கட்டி மாதிரி மங்கித் தெரியும், முன்பு இருந்திருக்காது. மகளுக்கு முதல் வகை மாதிரித்தான் படுகிறது, ஆனாலும் ஒருமுறை நேரில் காட்டுங்கள், ஏனென்றால் புளோரோசிஸ் பல்லுக்கும் சூத்தை வரும், இரண்டும் ஒரே வாயில் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வீட்டில் அவளைவிடச் சின்னப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே கிணற்று நீரைச் சோதிப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கொதிக்கவைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். மழைநீரோ, ஆர்ஓ முறையில் வடித்த நீரோ குடிக்கக் கொடுங்கள்.

“பிள்ளைக்குப் பல் எக்ஸ்ரே எடுத்தால் பிறகு வருத்தம் வருமா?” (மல்லாவி)

தேவைக்கு எடுத்தால் பயப்பட வேண்டாம். இப்போதைய டிஜிட்டல் சென்சரில் ஒரு சின்னப் பல் எக்ஸ்ரேக்குப் போகும் கதிர், மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் ஒரு நாளில் நம் உடம்பில் படுவதற்கு ஏறத்தாழச் சமம், பலவேளை குறைவு. இரண்டு கடைவாய்ப் பல் ஒட்டியிருக்கும் இடுக்கைக் கண்ணால் பார்க்க முடியாது, அங்கே எக்ஸ்ரேதான் கைகொடுக்கும். ஆனால் சுண்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் எக்ஸ்ரேயில் நிழல் தெளிவாக விழும், அதனால் மிக ஆரம்பத்தை அதுவும் தவறவிடும். கதிரே இல்லாமல் அகச்சிவப்பு ஒளியைப் பல்லினூடாக விட்டு இடுக்கைப் பார்க்கும் கமராவும் வந்துவிட்டது, கிடைத்தால் நல்லது.

“இங்கே ஆஸ்பத்திரியில் இந்த மெஷின் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணமோ கொழும்போ போகவேண்டுமா?”

வேண்டாம். ஒட்டுசுட்டானில் இருந்தும் முழங்காவிலில் இருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரும் தாய்மாரை எனக்குத் தெரியும், அவர்களை இன்னும் தூரம் அலையவைக்க எனக்கு மனமில்லை. உலகெங்கும் பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் சூத்தை அளவுகோலில் 0 முதல் 6 வரை படிகள் இருக்கின்றன. அதில் முதலாம் படி என்பது சுத்தம் செய்த பல்லை ஐந்து விநாடி காற்றடித்து உலர்த்தினால் மட்டும் தெரியும் வெள்ளைப் புள்ளி. அதற்கு வேண்டியது நல்ல வெளிச்சமும், காற்றும், அவசரப்படாத கண்ணும்தான். அவை பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலும் உண்டு. “தம்பி, பல்லை உலர்த்திப் பாருங்கோ” என்று நீங்களே கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

“ஏஐ பார்த்துச் சொல்லும் என்கிறார்களே?”

எக்ஸ்ரேயில் சந்தேகமான இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டும் மென்பொருட்களுக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது, வைத்தியருக்கு உதவியாக மட்டும். களைத்த கண் தவறவிட்டதை அது காட்டும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். போனை நீங்கள் வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: பிள்ளையின் உதட்டைத் தூக்கி, பல்லைச் சுத்தமான துணியால் துடைத்து, பகல் வெளிச்சத்தில், மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று ஒரு படம். ஆறு படத்தை வரிசையாகக் காட்டினால் புள்ளி பெருக்கிறதா, நின்றுவிட்டதா என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

“ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாயிற்று. அப்புறம் என்ன செய்வது? பனங்கட்டி சீனியைவிட நல்லதுதானே?”

பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான், பனங்கட்டி கரையும் வரை வாயில் வைத்திருப்பதால் இன்னும் கெடுதல். பனாட்டும் அப்படி ஒட்டும். விடச் சொல்லவில்லை, சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நாள் முழுக்க ஐந்து முறை தேத்தண்ணியோடு கடித்தால் உமிழ்நீருக்குத் திருத்த நேரமே கிடைக்காது. கிளினிக்கில் 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) புளோரைட் வார்னிஷை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசுவோம். வீட்டில் 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேற்பட்ட பற்பசையால் காலையும் படுக்குமுன்னும் தீட்டி, துப்பிவிட்டுத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பசை, ஆறு வயது வரை பட்டாணி அளவு. கிணற்றில் புளோரைட் கூடிய வீடுகளில் பிள்ளை பசையை விழுங்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். வார்னிஷ் எப்போதாவது கொஞ்சமாகப் பூசுவது, அதனால் புளோரோசிஸ் வருமோ என்று கவலைப்பட வேண்டாம்.

“அப்பா வெற்றிலை போடுவார், பல்லெல்லாம் கறுப்பு. லேசர் வைத்துப் பார்க்கலாமா?”

அந்தக் கறைக்கு மேல் லேசர் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கறுத்த இடம் கடினமாக, மினுங்கினால் பெரும்பாலும் நின்றுபோன சூத்தை, அதைத் தோண்ட வேண்டாம். முரசு இறங்கி வேர் தெரியும் இடத்தில் மெத்தென்று இருந்தால்தான் அது நடந்துகொண்டிருக்கும் சூத்தை. அவரைக் கூட்டிவரும்போது பல்லை மட்டும் காட்டிவிட்டுப் போகாதீர்கள், கன்னத்தின் உள்பக்கமும் நாக்கின் கீழும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையோ சிவப்போ ஒரு படை, ஆறாத புண் ஒன்று, இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள்.