12 வோல்ட், 2 ஆம்பியர் கொடுத்தால் மின்தடையும் திறனும் கண்டுபிடிப்பது எப்படி?

நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அதனால் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 12 ÷ 2 = 6 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன்: 12 × 2 = 24 வாட். மின்னோட்டத்தை மில்லிஆம்பியரில் கொடுத்திருந்தால், முதலில் ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. இந்தக் கணக்கை நம்பி ஒரு நண்பனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவன் நான்.

படிக்கிற காலத்தில் அவனிடம் மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி) இரவல் வாங்கினேன். கையில் அகப்பட்டதையெல்லாம் அளந்து பார்க்கும் வெறி. 230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட குண்டு பல்பைக் கழற்றி, அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளிலும் மீட்டர் முனைகளை வைத்தேன். 65 ஓம் காட்டியது. வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தாலும் திறன் வர வேண்டும் அல்லவா? 52,900 ÷ 65. கிட்டத்தட்ட 814 வாட்! ஒரு குண்டு பல்பு இஸ்திரிப் பெட்டி அளவுக்கு மின்சாரம் இழுக்குமா? மீட்டரின் பேட்டரியை மாற்றினேன், முனைகளைத் துடைத்தேன். மறுபடியும் அதே 65. "உன் மீட்டர் ஓட்டை" என்று அவனிடமே போய்ச் சொல்லிவிட்டேன்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் அளந்தது ஆறிப்போன இழையை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. 60 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.26 ஆம்பியர். அதிலிருந்து பார்த்தால் எரியும் பல்பின் தடை சுமார் 880 ஓம். பழைய பல்புகள் சுவிட்சைப் போட்ட நொடியிலேயே 'பட்'டென்று போவதற்கும் இந்தக் குளிர்ந்த இழைதான் காரணம். தடை குறைவாக இருக்கிற அந்தக் கணத்தில் மின்னோட்டம் எக்கச்சக்கமாகப் பாய்கிறது.

"குண்டு பல்பு ஓம் விதிக்கே கட்டுப்படாதே, அதைப் போய் உதாரணம் காட்டுகிறாயே" என்று யாராவது கிளம்பி வருவார்கள். தெரியும் ஐயா. V-ஐ (வோல்ட்) I-ஆல் (ஆம்பியர்) வகுத்தால் அந்தக் கணத்துத் தடை கிடைக்கும், அது எந்தப் பொருளுக்கும் சரி. அந்த விகிதம் மாறாமல் இருக்கும் என்பதுதான் ஓம் விதி. அதற்கு வெப்பநிலையும் மாறாமல் இருக்க வேண்டும். மோட்டார் ஓடும் மாறுமின்னோட்டச் சுற்றில் வெறுமனே பெருக்கினால் வாட் வராது, வோல்ட்டும் ஆம்பியரும் ஒன்றாக ஏறி இறங்காததற்கான திருத்த எண்ணான திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். இதையும் சொல்லிவிட்டேன், திட்ட வேண்டாம்.

அப்புறம், அந்த நண்பன் இப்போது சொந்த மீட்டர் வைத்திருக்கும் என்னிடம் இரவல் வாங்குகிறான். போன மாதம் சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் செருகிவிட்டு பேட்டரியின் வோல்ட்டை அளந்திருக்கிறான். அந்தத் துளை வழியே தடை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பேட்டரியை நேராகக் குறுக்கிணைத்த மாதிரி. உள்ளே ஃபியூஸ் போய்விட்டது. திருப்பித் தரும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபியூஸ் போன மீட்டர் மின்னோட்டமே இல்லை என்று காட்ட, நான்தான் அரை நாள் ஒரு நல்ல சுற்றில் கோளாறு தேடிக்கொண்டிருந்தேன்.