மைக்ரோவேவ் பாத்திரத்தில் பாப்கார்ன் பாதிதான் பொரிகிறது: காரணம் மணியில் இருக்கிறது

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காகிதப் பையில் வரும் பாப்கார்ன் வேண்டாம் என்று, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய சிலிகான் பாத்திரம் ஒன்று வாங்கினேன். பங்குனியில் நன்றாகப் பொரிந்தது. இப்போது வைகாசியில் அதே பாக்கெட் மணியைப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு பொரியாமல் அடியில் நிற்கிறது. நேரத்தைக் கூட்டினால் நடுவில் கருகி, வீடு முழுவதும் வாடை அடிக்கிறது. பாத்திரம் கெட்டுவிட்டதா? எண்ணெய் விடாததால் இப்படி ஆகிறதா? கோவில்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் காட்டில் விளையும் மக்காச்சோளத்தையே இதில் போடலாமா?"

பாத்திரம் கெட்டுப்போகவில்லை என்றே கருதுகிறேன். எண்ணெய் விடாததும் காரணமன்று. பங்குனியில் பொரிந்த அதே பாக்கெட் வைகாசியில் பொரியவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியிலேயே விடை இருக்கிறது: திறந்து வைத்த மணி கோடையில் உலர்ந்துவிட்டது. பாப்கார்ன் சரியாக வராதபோது பெரும்பாலோர் முதலில் பாத்திரத்தையும், அடுத்து அடுப்பையும் ஐயப்படுகிறார்கள். மணியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

அதற்கு, மணிக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாப்கார்னுக்கென்றே விளைவிக்கப்படும் மக்காச்சோள மணியின் எடையில் ஏறக்குறைய 14 விழுக்காடு நீர் இருக்கும். அந்த நீர் கெட்டியான மாவுச்சத்துக்குள் பரவியிருக்க, நீராவி எளிதில் கசியாத வலுவான மேல்தோல் அதைச் சுற்றி மூடியிருக்கிறது. மணி சூடேறும்போது உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியின்றி, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தத்துடன் இறுகி, மாவுச்சத்தைக் கூழாக இளக்குகிறது. சுமார் 180 டிகிரி செல்சியஸில் தோல் தாங்காமல் வெடிக்கிறது. அழுத்தம் சட்டென்று விலகியதும் கூழ் நுரைத்து விரிந்து, அந்தக் கணத்திலேயே குளிர்ந்து இறுகிவிடுகிறது. நாம் உண்ணும் வெள்ளைப் பூ இறுகிய அந்த நுரைதான். நல்ல மணி தன் அளவைப் போல 40 மடங்கு வரை விரியும்.

இந்தச் செயலுக்கு நீர்தான் விசை. அது இரண்டு மூன்று விழுக்காடு குறைந்தாலும் போதிய நீராவி எழாது. வெடிக்காத மணி தொடர்ந்து சூடேறிக்கொண்டே போய், தோலுக்குள்ளேயே மாவு கருகத் தொடங்கும். நீங்கள் நேரத்தைக் கூட்டியபோது நடந்தது அதுதான். நீர் கூடினாலும் கேடுதான்: தோல் முன்கூட்டியே இளகி வெடிப்பதால் பூ சிறுத்து, மென்றால் சவசவவென்று இழுக்கும். மேல்தோலில் கீறல் விழுந்த மணியோ, நீர் சரியாக இருந்தாலும், ஆவி கசிந்து வெறும் வறுபட்ட மணியாக நின்றுவிடும். பாக்கெட்டை வாங்கும்போது அடியில் தூளும் உடைந்த மணியும் அதிகம் தெரிந்தால் வேறு பாக்கெட் எடுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் மணி உலர்வதற்குக் கோடை வெயிலோடு இன்னொன்றும் துணை நிற்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாட்களில், மலையைத் தாண்டி வரும் மேல்காற்று பாளையங்கோட்டையை அடையும்போது ஈரத்தை இழந்து வறண்டுபோகிறது. வாய் திறந்த பாக்கெட்டை ரப்பர் வளையம் போட்டு, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பாப்கார்ன் மணிக்கு அதைவிடக் கெடுதலான இடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே பாக்கெட் ஈரத்தை உறிஞ்சி எதிர்ப்பக்கம் கெடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வாங்கிய அன்றே இறுக்கமாக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கத் தேவையில்லை. ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் வாங்கவும் வேண்டாம்.

மணிதான் காரணமா என்பதை உறுதிசெய்ய எளிய சோதனை இருக்கிறது. 100 மணிகளை எண்ணி எடுங்கள். சுமார் 15 கிராம் வரும். இந்தச் சோதனையை மைக்ரோவேவில் செய்யக் கூடாது, ஏனெனில் அவ்வளவு குறைந்த மணி அதில் நன்றாகப் பொரியாது. கேஸ் அடுப்பில், அடிகனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெய் விட்டு, மணிகளைப் போட்டு, ஆவி வெளியேறச் சிறு இடைவெளி விட்டு மூடி, மிதமான தீயில் அடிக்கடி குலுக்குங்கள். வெடிக்கும் ஓசை அடங்கியதும் பொரியாதவற்றை எண்ணுங்கள். பத்துக்குக் குறைவாக நின்றால் மணி நன்று. குறை மைக்ரோவேவில் செய்யும் முறையில்தான் இருக்கிறது. இருபதைத் தாண்டினால் பாத்திரத்தின்மீது பழி போட வேண்டாம்.

உலர்ந்த மணியை எறிந்துவிட வேண்டியதில்லை. இழந்த நீரைத் திருப்பிக் கொடுக்கலாம். கணக்கு இதுதான்: 11 விழுக்காட்டுக்கு உலர்ந்த 500 கிராம் மணியில் 55 கிராம் நீர் இருக்கும், அதில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி லிட்டர் தண்ணீர் சேர்த்தால் ஈரம் 13.6 விழுக்காட்டுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் மணி எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதை வீட்டில் அளக்க முடியாது. ஆகவே முதலில் இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் மட்டும் தெளித்து, பாட்டிலை இறுக மூடி, முதல் நாள் மூன்று நான்கு முறையும் அடுத்த நாட்களில் ஒரு முறையும் குலுக்கி வையுங்கள். தோல் ஈரமானால் போதாது, நீர் உள்ளே இறங்க வேண்டும். அதற்கு நான்கு நாட்களாவது ஆகும். பிறகு மறுபடியும் 100 மணிச் சோதனை செய்து, தேவைப்பட்டால் இன்னொரு தேக்கரண்டி சேர்க்கலாம். அவசரப்பட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால் மணி பூசணம் பிடிக்கும். ஒரு தடவை மைக்ரோவேவில் சூடேறியும் பொரியாமல் நின்ற மணிகளை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்; அவற்றை மறுபடி அடுப்பில் வைத்தால் கருகல்தான் மிஞ்சும்.

இனி மைக்ரோவேவுக்கு வருகிறேன். கார்த்திகைக்கு நெல்பொரி பொரிப்பவர்கள் சட்டியில் மணலைக் காயவைத்து, அதில் நெல்லைப் போட்டுக் கிளறுவதைப் பார்த்திருப்பீர்கள். சுடுமணல் ஒவ்வொரு நெல்லையும் எல்லாப் பக்கமும் சூழ்ந்து ஒரே சீராகச் சூடேற்றுகிறது. வாணலியில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. மைக்ரோவேவில் மணலும் இல்லை, எண்ணெயும் தேவையில்லை. நுண்ணலை மணிக்குள் இருக்கும் நீரை நேரடியாகச் சூடேற்றுகிறது. ஆனால் மணியைச் சுற்றியிருக்கும் காற்றும் பாத்திரமும் அந்த அளவு சூடாவதில்லை என்பதால், தனித்துக் கிடக்கும் மணி தன் சூட்டை அவற்றிடம் இழந்துகொண்டே இருக்கும். நெருங்கிக் குவிந்து கிடக்கும் மணிகள் ஒன்றுக்கொன்று சூட்டைக் காத்துக்கொள்ளும். இவ்வகைப் பாத்திரங்களின் அடி குறுகலாகவோ குழிவாகவோ அமைக்கப்படுவது அதற்காகத்தான். கடையில் விற்கும் காகிதப் பையின் அடியில் நுண்ணலையை உறிஞ்சி மிகுதியாகச் சூடேறும் உலோகப் பூச்சுள்ள தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். உங்கள் பாத்திரத்தில் அது கிடையாது. ஆகவே பையைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிப்பது இயல்பு.

அளவு முக்கியம். இரண்டரை முதல் மூன்று லிட்டர் கொள்ளும் பாத்திரத்துக்கு 60 கிராம் மணி பொருத்தம்; நன்றாகப் பொரிந்தால் சுமார் 2.4 லிட்டர் பூ வரும். அதற்கு மேல் போட்டால் பூ மூடியை முட்டித் தூக்கும். பொரிந்த பூவும் வெளியேற முடியாத ஆவியும் கலந்து நமத்துப்போகும். ஒரு கைப்பிடி மட்டும் போட்டால் மணிகள் சிதறிக் கிடந்து பொரியாது. அதோடு, அலையை உறிஞ்சப் போதிய பொருள் இல்லாமல் அடுப்பை ஓட்டுவது அடுப்புக்கும் நல்லதன்று. பாத்திரம் சுழல்தட்டின் நடுவில், பக்கச் சுவரில் இடிக்காமல் சுழல வேண்டும். 20 லிட்டர் அடுப்பில் கைப்பிடியோடு கூடிய பாத்திரம் இடித்து நின்றுவிட்டால், ஒரே இடத்தில் அலை குவிந்து நடுவில் கருகும். நீங்கள் சொல்லும் கருகலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் கவனித்துப் பாருங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தைவிடக் காதுதான் சரியாகச் சொல்லும். 800 வாட் அடுப்பில் முழு வலிமையில் நான்கு நிமிடம் வைத்து, அருகிலேயே நில்லுங்கள். முதல் வெடி ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் கேட்கும். பிறகு மழைபோல் பொழிந்து மெல்ல அடங்கும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே இரண்டு வினாடி இடைவெளி விழுந்ததும், மீதி நேரம் எவ்வளவு இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் மூன்று நிமிடத்தை ஒட்டி அது நிகழும். கடைசி நாலைந்து மணிகளுக்காகக் காத்திருந்தால், பொரிந்த பூவெல்லாம் கருகல் வாடை ஏறிவிடும். அடுப்பில் பாப்கார்ன் பொத்தான் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் காகிதப் பையின் எடைக்குக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. கிரில், கன்வெக்ஷன் முறைகளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இரண்டாம் தடவை செய்யும்போது பாத்திரமும் தட்டும் ஏற்கனவே சூடாக இருக்கும் என்பதால், முன்னதைவிட அரை நிமிடம் முந்தியே ஓசை அடங்கலாம்.

ஒரே அளவு, ஒரே மணி, ஆனால் பகலில் பொரிவது மாலையில் பொரியவில்லை என்றால் மின்னழுத்தத்தை ஐயப்படலாம். எல்லோர் வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் அழுத்தம் தாழ்ந்தால் அடுப்பின் வலிமையும் தாழும். ஒரு லிட்டர் தண்ணீரை 2 நிமிடம் சூடேற்றி, சமையல் வெப்பமானியால் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். 20 டிகிரி உயர்ந்தால் அடுப்பு ஏறக்குறைய 700 வாட் தருகிறது என்று பொருள். 15 டிகிரிகூட உயரவில்லையென்றால் அந்த நேரத்தில் பாப்கார்னைத் தவிர்த்துவிடுங்கள்.

எண்ணெய் பற்றி. பொரிவதற்கு அது வேண்டாம். சுவைக்கு வேண்டுமானால் 60 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி கடலெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டு மணியைப் பிசிறிக்கொள்ளலாம், உங்கள் பாத்திரத்தின் குறிப்பில் எண்ணெய் கூடாது என்று இல்லாவிட்டால். எண்ணெயில்லாப் பூவில் உப்பு ஒட்டாது என்பது உண்மைதான். பொரிந்த பின் ஒரு தேக்கரண்டி நெய்யையோ நல்லெண்ணெயையோ சூடாகத் தெளித்து, நைஸாக அரைத்த உப்பும் இட்லிப் பொடியும் தூவிக் குலுக்கினால் நன்றாகப் பிடிக்கும். எங்கள் வீட்டில் விரும்பிச் செய்வது இதுதான். சர்க்கரையையும் கருப்பட்டியையும் மணியோடு சேர்த்து மைக்ரோவேவில் வைக்காதீர்கள். பொரியும் சூட்டில் அவை கருகிப் பாத்திரத்தில் ஒட்டிவிடும். உடன்குடிக் கருப்பட்டியில் பாகு காய்ச்ச நினைத்தால் அடுப்பில் தனியாகக் காய்ச்சி வடிகட்டி, பொரிந்த பூவில் ஊற்றிக் கிளறுங்கள்.

சொந்தக்காரர் காட்டுச் சோளத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வேண்டாம். கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகும் வகை. அதன் மாவு மிருதுவானது. தோலும் அழுத்தத்தைத் தாங்காது. ஆவி கசிந்து, கடிக்க முடியாத வறுத்த மணியாகத்தான் நிற்கும். தீவனத்துக்கென்று சேமித்த சோளத்தில் பூசணம் இருக்கவும் வாய்ப்புண்டு. விதைக்கென்று வாங்கி மிஞ்சிய சோளமாக இருந்தால் இன்னும் அபாயம். அதில் பூசணக்கொல்லி மருந்து கலந்திருக்கும், அடையாளத்துக்குச் சிவப்போ இளஞ்சிவப்போ பூசியிருப்பார்கள். எக்காரணம் கொண்டும் அது சமையலறைக்குள் வரக் கூடாது. அவர் காட்டில் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் கேட்டு வாங்கி, அவித்தோ சுட்டோ சாப்பிடுங்கள். அது அருமையாக இருக்கும்.

பாத்திரம் இல்லாதபோது, மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று எழுதிய சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் பாப்கார்ன் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பாலிபுரோப்பிலீனால் ஆனவை. அது சுமார் 160 டிகிரியில் உருகும். மணியோ 180 டிகிரியில் வெடிக்கிறது. சோறு சூடேற்ற ஏற்ற டப்பா இதற்கு ஏற்றதன்று. சிலிகான் 200 டிகிரிக்கு மேலும் தாங்குமென்றாலும், கருகும் மணி ஒரே இடத்தில் கிடந்தால் அதற்கும் சேதம் வரும். உங்கள் பாத்திரத்தின் அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பழுப்புக் கறை மட்டும் இருந்தால் கவலையில்லை, குழியோ, கொப்புளமோ, பிசுபிசுப்போடு உரிந்துவரும் தோலோ இருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட பாத்திரத்தை அன்றே வெந்நீரும் சோப்பும் இட்டு மென்மையான நாரால் கழுவ வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் எண்ணெய் பிசினாகி இறுகி, அடுத்த தடவை அந்த இடமே முதலில் கருகும்.

வீட்டில் நான்கு வயது நிறையாத குழந்தை இருந்தால் பாப்கார்ன் கொடுக்காதீர்கள். பூவும் பொரியாத மணியும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. மற்றவர்களுக்குப் பரிமாறும்போதும், பாத்திரத்தைக் கவிழ்த்துக் கொட்டாமல் மேலிருந்து அள்ளி வையுங்கள். பொரியாத மணிகள் அடியிலேயே தங்கிவிடும். மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்குங்கள், அந்த ஆவி கையைச் சுட்டுவிடும் அளவு சூடானது.