கொழும்பில் இருந்துகொண்டு கல்மரம் தேட முடியுமா?

கேள்வி: நான் கொழும்பில் வசிக்கிறேன். கல்லாக மாறிய மரத்துண்டுகளைத் தேடிச் சேர்ப்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்க ஆசை. இலங்கையில் கிடைக்குமா? எங்கே தேடுவது?

தொடங்கலாம். ஆனால் அவிசாவளைப் பக்கமோ கண்டி றோட்டிலோ கிடக்கும் கற்குவியலைக் கிளறித் தொடங்காதீர்கள். அங்கே வாழ்நாள் முழுக்கத் தேடினாலும் ஒரு சுள்ளிகூட அகப்படாது. காரணம் விளங்கினால் அலைச்சல் பாதி குறையும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. நிலத்துக்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து நசுங்கி, ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய உருவத்துக்கு வந்தது. உலகத்தில் முதல் மரங்கள் தலைகாட்டியதோ சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். மரமே பிறக்காத காலத்துக் கல்லுக்குள் மரத்தைத் தேடி என்ன பயன்? கொழும்பில் அத்திவாரம் வெட்டும்போது வருகிற கபுக் கல்லும் அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் உக்கிச் சிவந்ததுதான். அதிலிருக்கும் புழு அரித்தது போன்ற துளைகளைக் காட்டி "வேர் இருந்த இடம்" என்பார்கள். இரும்பு கரைந்து மறுபடி இறுகிய விதம் அது, வேர் அல்ல.

மரம் கல்லாக வேண்டுமென்றால் விழுந்த மரம் உக்குவதற்கு முன் சேற்றிலோ மணலிலோ எரிமலைச் சாம்பலிலோ மூடப்பட வேண்டும். காற்று போகக்கூடாது. அப்புறம் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) கரைந்த நிலத்தடி நீர் அதற்குள் ஊறி ஊறி, உயிரணுவின் சுவரிலும் வெற்றிடத்திலும் சிலிக்காவைப் படியவிட வேண்டும். கூடவே இரும்பு வந்தால் சிவப்பு, மஞ்சள், மண்ணிறம். மங்கனீசு வந்தால் கறுப்பு. இதற்கெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. ஜப்பானில் சிலிக்கா நிறைந்த ஒரு வெந்நீர் ஊற்றில் கட்டைகளைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள். ஏழு ஆண்டுக்குள் சில கட்டைகளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிலிக்கா ஏறியிருந்தது. உடனே கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கட்டையும் கம்பியும் கொண்டு போகாதீர்கள், சூடு மட்டும் போதாது.

இனி நான் அதிகம் சந்திக்கும் சங்கதி. இந்தப் பைத்தியம் எனக்கு இருப்பது தெரிந்ததால் அலுவலகத்தில் ஆளாளுக்குக் கல் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அண்மையில் ஒரு தம்பி, வீடு கட்டும் இடத்தில் உடைத்த கல் ஒன்றைச் சோப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தான். "அண்ணா, வருஷ வளையம் அப்பிடியே தெரியுது பாருங்கோ." பார்த்தால் உண்மையிலேயே பலகைதான். வெள்ளையும் கறுப்புமாக ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகள், ஓரிடத்தில் கணு மாதிரி ஒரு சுழிவுகூட. தண்ணீரில் நனைத்து, பத்து மடங்கு பெருக்கும் லூப்பை வைத்துப் பார்க்கச் சொன்னேன். கறுப்பு வரிகளில் காக்காப்பொன் மினுங்கியது. நடுவில் மிளகு அளவில் செம்புள்ளிகள், எல்லாம் கார்னட். கல்லைத் திருப்பிப் பக்கவாட்டைப் பார்த்தால் அங்கேயும் அதே வரி, அதே அகலத்தில் நேராக ஓடுகிறது. நைஸ் என்கிற வரிப்பாறை அது. நம் நாட்டில் மரமென்று நம்பிக் கொண்டுவரப்படும் கற்களில் பெரும்பாலானவை இந்த இனம்தான்.

நிஜ மரம் அப்படி இருக்காது. மரத்துக்கு மூன்று முகம் உண்டு. குறுக்கு முகத்தில் வளையங்கள் வளைந்து ஓடும், அவற்றை வெட்டிக்கொண்டு நடுவிலிருந்து வெளியே மெல்லிய கதிர்க்கோடுகள் போகும். நெடுக்கு முகத்தில் நார் மட்டும் தெரியும். இன்னொரு நெடுக்கு முகத்தில் அந்தக் கதிர்களின் நுனிகள் சின்னச் சின்னக் கீறல்களாகத் தெரியும். மூன்றும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வரி என்றால் கல்லை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். வளையத்தை மட்டும் நம்பவும் கூடாது, பருவம் மாறாத காட்டில் வளர்ந்த மரத்தில் வளையமே மங்கலாக இருக்கும். லூப்பில் ஊசி குத்தியது போன்ற துளைகள் வரிசையாகத் தெரிந்தால் அது தேக்கு, மா போலப் பூக்கும் மர வகை. துளையே இல்லாமல் தேன்கூட்டு அறைகள் ஒரே சீராக அடுக்கியிருந்தால் ஊசியிலை மர வகை. இந்த இடம் வந்ததும் எனக்கு நேரம் போவதே தெரியாது.

சோதனைகள் பெரிதாக ஒன்றுமில்லை. சிலிக்காவாக மாறிய மரம், வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் கடின அளவில் 7, பேனாக்கத்தியால் கீறினால் கத்தியின் இரும்புதான் கோடாக ஒட்டும், கல்லில் காயம் இருக்காது. கண்ணாடித் துண்டை அது கீறும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரை வந்தால் சுண்ணக்கல். மரம் சில இடங்களில் சுண்ணமாகவும் மாறுவதுண்டு, அதனால் நுரை வந்ததும் வீசிவிடாமல் லூப்பில் ஒருமுறை பாருங்கள்.

சரி, இலங்கையில் எங்கே? மரம் தோன்றிய பிறகு படிந்த அடையற் பாறை இங்கே கொஞ்சம்தான். புத்தளத்துக்குக் கிழக்கே அனுராதபுரம் வீதியில் தப்போவ, அப்புறம் ஆண்டிகம, பல்லம பக்கம், ஜுராசிக் காலப் படிவுகள் உண்டு. பழைய பாறை பிளந்து கீழிறங்கிய பள்ளங்களில் தப்பிக் கிடக்கும் சிறு திட்டுகள் அவை. அங்கே பேர்போனது மரத்தைவிட இலைதான்: பன்னங்கள், சைக்கஸ் போன்ற செடிகளின் இலை அச்சுகள் களிக்கல்லில் நரம்பு நரம்பாகப் பதிந்திருக்கும். 1920களிலேயே இவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். டைனோசர் உலாவிய காலத்துப் பன்னத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து காலை பஸ் ஏறினால் போதும் என்பது எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

யாழ்ப்பாணம், புத்தளத்துக்கு வடக்கே அருவக்காலு, இங்கெல்லாம் இருப்பது கடலில் படிந்த மயோசீன் சுண்ணக்கல். சிப்பி, சங்கு, பவளம் நிறைய. ஊருக்குப் போனால் கிணற்றுக் கட்டிலேயே பார்க்கலாம். மரத்துக்கு அது இடமல்ல. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் 'இல்லம்' எனப்படும் அந்த மாணிக்கச் சரளைப் படிவு புவியியல் கணக்கில் நேற்றைய சமாசாரம். குழியிலிருந்து கறுத்த மரத்துண்டு வந்தால் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் அது புதைந்து கறுத்த மரம், கல்மரம் அல்ல. காய்ந்ததும் வெடித்து உதிர்ந்துவிடும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். பார்க்கலாம், படம் எடுக்கலாம், ஆனால் கண்டதையெல்லாம் பையில் போட இங்கே இடமில்லை. தேசியப் பூங்காவுக்குள் கல்லோ இலையோ எதையும் எடுக்கக்கூடாது. தப்போவக் குளத்தைச் சுற்றியும் வனசீவராசிகள் சரணாலயம் இருக்கிறது. தோண்டுவதென்றால் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். தனியார் காணி என்றால் சொந்தக்காரரைக் கேளுங்கள். அமெரிக்காவில் பொது நிலங்களில் சொந்தச் சேகரிப்புக்காக ஒருவர் ஒரு நாளைக்கு 25 இறாத்தலும் ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 இறாத்தல் வரை எடுக்கலாம் என்று விதியே உண்டு. இணையத்தில் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் அங்கே எடுத்தவை, அதை இங்கே பார்த்து மண்வெட்டி வாங்காதீர்கள். அங்கேயும் அரிசோனாவின் கல்மரப் பூங்காவில் ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது. எடுத்துப் போனவர்கள், அன்றிலிருந்து வீட்டில் ஒன்றும் சரியாக நடக்கவில்லை என்று மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புவதுண்டு. அனுப்பினாலும் எடுத்த இடம் தெரியாததால் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை.

கண் பழக வேண்டுமென்றால் என் யோசனை, முதல் பயணத்தைத் தமிழ்நாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் எப்படியும் கோயில் பார்க்கப் போவார்கள். வக்கிரகாளியம்மனுக்கு நேர்த்தி வைத்துத் திருவக்கரை போகிறவர்கள் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள், அதே ஊரில் இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டியும் பார்ப்பதில்லை. சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் மணற்கல்லில் படுத்துக் கிடக்கின்றன. 1781இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதினார். கிளையோ வேரோ இலையோ இல்லாமல் அடிமரம் மட்டும் கிடப்பதால், எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள். வக்கிராசுரனின் எலும்பு என்பது ஊர்க் கதை, வெளிறிக் கிடக்கும் சில துண்டுகளைப் பார்த்தால் அந்தக் கதை கட்டியவரைக் குறைசொல்லத் தோன்றாது. சுற்றுலாக்காரர்கள் அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் ஒரே மரத்தடியில் குந்தியிருந்து முனையையும் பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். அங்கே ஒரு மணி நேரம் பார்த்தவரை இனி நைஸ் பாறை ஏமாற்றாது. நேரம் இருந்தால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரும் போகலாம், 18 மீட்டர் நீளத்தில் ஒரே மரம், வயது 12 கோடி என்று சொல்கிறார்கள். இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள், பிரசாதம் மாதிரி ஒரு துண்டு எடுத்துவரும் எண்ணம் வேண்டாம்.

கொழும்பிலேயே தொடங்க வேண்டுமென்றால் கொழும்பு 07இல் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாறைகளைப் பார்த்துப் பழகுங்கள். அது இருக்கும் வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். கலை பற்றி எழுதியவராகத்தான் அவரை நமக்குத் தெரியும், இலங்கைக் கனிமவளங்களை ஆராய அமைத்த அளவையின் முதல் இயக்குநரும் அவரே. 1904இல் தோரியனைட் என்ற கனிமத்தின் கண்டுபிடிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு கொழும்புத் தமிழர் கல்லைப் பார்த்துக்கொண்டு திரிவது ஒன்றும் புதிதில்லை என்று வீட்டில் சொல்ல இந்த விவரம் எனக்கு நன்றாக உதவுகிறது.

கையில் ஒன்று வேண்டும் என்ற ஆசை போகாது, தெரியும். வாங்கலாம். இந்தோனேசியாவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வெட்டி மினுக்கிய துண்டுகள் உலகச் சந்தைக்கு நிறைய வருகின்றன. கண்ணைப் பறிக்கும் நீலமும் ஊதாவும் இருந்தால் சந்தேகப்படுங்கள், சாயம் வெடிப்புகளில் தேங்கி நிற்பது லூப்பில் தெரியும். ரெசினில் வார்த்தது கைக்கு இலேசாகவும் சூடாகவும் இருக்கும், நிஜக் கல் கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்கும்.

வெட்டாத கட்டியாக வாங்குவது மலிவு. வெட்டவும் மினுக்கவும் பேருவளையிலும் இரத்தினபுரியிலும் ஆள் உண்டு, மாணிக்கம் வெட்டும் வைர அலகே இதற்கும் போதும். தண்ணீர் ஓடவிட்டுத்தான் வெட்ட வேண்டும், உலர வெட்டினால் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வீட்டு பல்கனியில் கிரைண்டரை வைத்து முயற்சி செய்ய நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மினுக்குவது 80ஆம் எண் தேய்ப்பு மாவில் தொடங்கி 220, 400, 600 என்று மாவை நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் சீரியம் ஒக்சைட் என்ற மினுக்கும் பொடியில் முடியும். எந்தப் பக்கமாக வெட்டுவது என்பதைக் கல் வெட்டுபவரிடம் விடாதீர்கள். அவர் கண் போவது நிறத்துக்கும் வெடிப்பில்லாத இடத்துக்கும், வளையத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று நீங்களே கோடு போட்டுக் கொடுங்கள். சோக்கால் போட்டால் தண்ணீர் பட்டதும் போய்விடும், அழியாத மார்க்கரால் போடுங்கள்.