பொய்சிக்கு வரலாமா என்று கேட்ட வெள்ளவத்தைத் தம்பிக்கு

தம்பி, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பொய்சி நகரில், பொய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, டொரொண்டோ மாமா "ஒருத்தருக்கும் தெரியாத ஊர், விடு" என்கிறார், அறை, வேலை, குளிர் எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கு இங்கே வந்து ஒரு ஜக்கெட் வாங்கினால் சரி.

அறைதான் கவனம். படத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். கம்பஸின் ஃபுட்போல் அணி ஆடும் நீலத் தரை ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் என்றால் பார்க்கிங்கையும் எழுத்தில் வாங்குங்கள். என் முதல் வீட்டுக்காரர் மட்ச் நாட்களில் என் காரை எடுக்கச் சொல்லிவிட்டு அந்த இடத்தை வெளியாருக்குக் காசுக்கு விடுவார், வாடகையில் ஒரு சதம் குறைக்கமாட்டார். எஃப்-1 மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம், அதுவும் கம்பஸுக்குள்தான் வேலை. கடையில் கைக்காசுக்கு வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு அண்ணன் வருவார், தமிழர் என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

மாமா சொன்னதுதான் எனக்குச் சுட்டுவிட்டது. 1932இல் இரண்டு வருடப் படிப்புக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் இது. இந்த ஊரைத் தெரியவைத்ததே கம்பஸின் அமெரிக்கன் ஃபுட்போல் அணிதான், அது கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டத்துக்கு வந்ததே 1996இல். பக்கத்தில் பெரிய நகரமில்லை, பணமும் பெரிய கம்பஸ்கள் மாதிரி இல்லை. அந்தப் பெரிய கம்பஸ்கள் கண்டுகொள்ளாத பெடியன்களைத் தேடி எடுத்து வருடக்கணக்கில் பழக்கினார்கள். வென்றால் பயிற்சியாளரைப் பெரிய இடம் கொத்திக்கொண்டு போகும், அந்த நாட்களில் இவர்கள் உள்ளே இருந்த உதவியாளரையே மேலே ஏற்றினார்கள். பயிற்சியாளர் ஹோக்கின்ஸ் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அவர் உதவியாளர் பீட்டர்சன் வந்தது அப்படித்தான், ஆட்டமுறை குலையவில்லை. அப்புறம் ப்ராஸர் என்ற சின்ன ஊரிலிருந்து வந்த, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பெக் கெலன் மூர் 53 ஆட்டத்தில் 50 வென்றார்.

2007 ஜனவரி 1, சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டங்களில் ஒன்றான ஃபியஸ்டா போல். எதிரில் ஒக்லஹோமா பல்கலைக்கழக அணி. மேலதிக நேரத்தில் ஒரு புள்ளி பின்னுக்கு நின்றவர்கள், பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யாமல், ஒரே ஆட்டத்தில் வெல்லவோ தோற்கவோ இரண்டு புள்ளிக்கே போனார்கள். குவாட்டர்பெக் எறிவதுபோல் கையை ஓங்கிவிட்டு மற்றக் கையால் முதுகுக்குப் பின்னே பந்தைக் கொடுக்க, இயன் ஜோன்சன் ஓடிப் போட்டார், 43-42. நானும் அறைத்தோழனும் விதிமுறை பாதி விளங்காமலே கத்தியதில் கீழ்வீட்டுக் கிழவி மேலே வந்துவிட்டார், திட்டத்தான் என்று பயந்தோம், அவரும் அழுதுகொண்டு நின்றார். அந்த சீசனில் 13 ஆட்டமும் வென்றவர்களுக்கு நாட்டின் தரவரிசையில் 5ஆம் இடம்தான் கொடுத்தார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு.

டொரொண்டோக்காரருக்கு ஸ்கார்பரோ தாண்டினால் உலகம் முடிந்துவிடும். ஆனால் 2024இல் எங்கள் அணி சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஓஃபுக்குப் போனபோது, "அங்கேதானே இருக்கிறாய், டிக்கெட் ஏதும் எடுக்கலாமா" என்று கேட்டவர்களும் அவர்கள்தான். கிடைக்காது என்றேன்.