பந்தும் பதிலும்: கோச்சை அனுப்பிவிட்டால் கணக்கு சரியாகிவிடுமா?

கே: எங்கள் ஊர் கால்பந்து கிளப் கமிட்டி போன வாரம் கோச்சை நிறுத்திவிட்டது. காலை, மாலை இரண்டு வேளையும் பயிற்சி வேண்டும், பையன்கள் கடலுக்குப் போகக் கூடாது, அதற்கு ஈடாக கிளப் மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களுக்கு வருடத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல் வசூல் இல்லை. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றோம், அதைச் சொல்லி அனுப்பிவிட்டோம். செய்தது சரியா?
- கமிட்டி உறுப்பினர், தூத்தூர் பக்கம்

ப: உங்கள் கடிதத்தில் தோல்வி கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் எல்லாம் காசுதான். காசு கேட்டதற்காக அனுப்பினோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை. தோற்றதற்காக என்று சொல்லி அனுப்பினால், அடுத்து எந்த ஊரில் போய்க் கேட்டாலும் அவருக்கு அந்த மூன்று ஆட்டம்தான் சர்டிபிகேட்.

சரி, அவர் கேட்டது நடக்கிற காரியமா? அதை யாராவது பேப்பரில் போட்டுப் பார்த்தீர்களா? பதினெட்டு பேர் டீம் என்று வையுங்கள். தங்கல் (நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) போகிற பையனைக் கரையில் நிறுத்த மாதம் பதினைந்தாயிரமாவது கொடுக்க வேண்டும். நல்ல மீன் பட்ட ட்ரிப்பில் வரும் பங்கோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை, ஆனாலும் வையுங்கள். மாதம் 2,70,000 ரூபாய். உங்கள் ஆறு லட்சம் மூன்றாவது மாதம் முடிவதற்குள் காலி. கோச் சம்பளம், பூட்ஸ், பந்து, வேன் வாடகை எதுவும் இதில் சேரவில்லை. கோச் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் வேறு மாதிரி கேட்டிருப்பார். கமிட்டி போட்டிருந்தால் முதல் நாளே வேலைக்கு வைக்கும்போது சொல்லியிருக்கும்.

முழுநேரப் பயிற்சி என்றால் இரண்டு வேளை மைதானத்தில் நிற்பது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். பையன் வீட்டில் அடுப்பு எரிய யார் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து மிச்சத்தைப் பங்கு போடுகிற தொழில் நம்முடையது. போட்டில் ஏறாதவனுக்குப் பங்கு கிடையாது. ஒரு ட்ரிப் விட்டால் அவன் அம்மா சீட்டுப் பணம் கட்ட முடியாது. அவனிடம் போய் 'அர்ப்பணிப்பு இல்லை' என்று கோச் திட்டினால் அவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

நான் திருவனந்தபுரத்தில் ஒரு டிபார்ட்மெண்ட் டீமில் ஆடியவன். காலையில் ஆபீசில் கையெழுத்து, அப்புறம் கிரவுண்டு, முதல் தேதி சம்பளம். எங்கள் காலத்து முழுநேர ஆட்டக்காரன் அவ்வளவுதான். அந்தச் சம்பளத்தைக் கொடுத்தது கிளப் இல்லை, அரசு. இதை மறந்துவிட்டு, சர்ச் பங்குக் கமிட்டியும் வெளிநாட்டில் இருக்கும் நாலு பேரும் சேர்ந்து நடத்தும் ஊர் கிளப்பிடம் அதையே கேட்பது நியாயம் இல்லை.

ஆனால் உங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கிற முழுநேரம் ஒன்று இருக்கிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் குமரி மேற்குக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். தங்கல் பையன்கள் எல்லாம் ஊரில். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) அடிக்கும், மைதானம் பாதி குளமாகும், உண்மைதான். சேற்றிலும் ஓடலாம், ஹாலில் உடற்பயிற்சி செய்யலாம். வள்ளத்தில் (நாட்டுப்படகில்) போகிற பையன்களுக்குத் தடை இல்லை, அவர்கள் காலையில் வர மாட்டார்கள், மாலையில் வரட்டும். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கரையேறும்போது இன்னொரு முகாம். மிச்ச மாதங்களில் ஊரில் இருப்பவனை வைத்து வாரம் மூன்று மாலை. இந்தத் திட்டத்தோடு ஒரு கோச் வந்தால் அவரை விடாதீர்கள். நீங்கள் அனுப்பியவரையே கூப்பிட்டு இதைப் பேசிப் பார்க்கலாம், கௌரவம் குறைந்துவிடாது.

பகுதிநேரமாக இருந்துகொண்டு என்ன கிழிக்க முடியும் என்று உங்கள் இளவட்டங்கள் கேட்பார்கள். ஸ்காட்லாந்தில் அர்ப்ரோத் என்று ஒரு மீன்பிடித் துறைமுகம். புகை போட்ட மீனுக்குப் பேர்போன ஊர். அவர்கள் மைதானம் கேஃபீல்டு கடலை ஒட்டியே இருக்கிறது, காற்றடித்தால் கார்னர் கிக் எங்கே போகும் என்று கோல்கீப்பருக்குத் தெரியாது. நம் கடலோர இரவிபுத்தன்துறையில் ஆடியவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்டக்காரர்களில் பெரும்பாலானவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். டிக் கேம்ப்பெல் 2016-ல் மேனேஜராக வந்தார். நான்காம் நிலை லீக்கில் இருந்த கிளப்பை இரண்டாம் நிலைக்கு ஏற்றினார். 2021-22 சீசனில் முழுநேர கிளப்புகளுக்கு நடுவில் இரண்டாம் இடம். கில்மார்னக் கிளப்பிடம் கடைசி நேரத்தில் வாங்கிய கோலில்தான் முதலிடம் கைநழுவியது. அப்புறம் 2023 நவம்பரில் அவரும் கிளப்பும் பிரிந்தார்கள், அந்த சீசனிலேயே டீம் கீழே இறங்கியது, அடுத்த சீசனிலேயே திரும்ப ஏறியது. கடைசி வரை அவர்கள் தங்களை முழுநேர கிளப் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தாங்கள் யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை, உங்களுக்கு இருந்தது.

கே: இங்கிலாந்தில் ஜெயித்த மேனேஜரையே வீட்டுக்கு அனுப்புகிறார்களே, ஏன்?
- கல்லூரி மாணவர், குளச்சல்

ப: சால்ஃபோர்டு சிட்டியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய கேரி நெவில், கிக்ஸ், ஸ்கோல்ஸ் கூட்டம் 2014-ல் வாங்கிய கிளப். ஆண்டனி ஜான்சன், பெர்னார்ட் மார்லி என்று இரண்டு பேர் சேர்ந்து மேனேஜர்கள். 2017-ல் கிளப் முழுநேரமாக மாறியது. 2018-ல் லீக்கை ஜெயித்துக் கொடுத்தார்கள். கோப்பை வந்த கொஞ்ச நாளிலேயே இருவரும் வெளியே. கிளப்புக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. கிரஹாம் அலெக்சாண்டரைக் கொண்டுவந்தார்கள், அடுத்த வருடமே வெம்ப்ளியில் ஃபைல்டு கிளப்பை 3-0 என்று ஜெயித்து இன்னும் மேலே போனார்கள்.

பார்க்கக் கொடுமையாக இருக்கும். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே அடுத்த ஆளுக்கும் பணம் தயாராக இருந்தது. எங்கே போகப் போகிறோம் என்பதும் தெரிந்திருந்தது. நம் ஊரில் சால்ஃபோர்டு மாதிரி தூக்கி எறிவோம், அடுத்த கோச்சுக்குச் சம்பளம் எங்கே என்று கேட்டால் கிறிஸ்துமஸ் கரோல் வசூலைக் காட்டுவோம்.

நேர் எதிரான கதையும் அங்கேயே இருக்கிறது. ஹாரகேட் டவுன் கிளப்புக்கு சைமன் வீவர் 2009-ல் மேனேஜராக வந்தார். 2017-ல் முழுநேரத்துக்கு மாறி, 2018-லும் 2020-லும் மேலே ஏறி, முதல் முறையாக நான்காம் நிலை லீக்கில் நுழைந்தார்கள். நடுவில் மோசமான சீசன்களும் உண்டு, யாரும் அவரைத் தொடவில்லை. ஒரு சின்ன விஷயம், கிளப் சேர்மன் அவருடைய அப்பா.

கே: நான் டி லைசென்ஸ் கோச். ஒரு கிளப்பில் இருந்து வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் போட்டு என்னை நீக்கினார்கள். இரண்டு மாத சம்பள பாக்கி. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், மணவாளக்குறிச்சி

ப: ஒப்பந்தம் எழுதினீர்களா தம்பி? எழுதியிருக்க மாட்டீர்கள், தெரியும். குரூப் மெசேஜை அழியாமல் வையுங்கள், சம்பளம் வந்த மாதங்களின் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வையுங்கள். முதலில் தலைவருக்கும் செயலாளருக்கும் பாக்கித் தொகையைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவதானாலும் அந்தக் கடிதத்தின் நகலோடு போங்கள்.

அடுத்த ஊரில் சேரும்போது ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். மாதச் சம்பளம், வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, எத்தனை பையன்கள் உறுதியாக வருவார்கள், பந்தும் மருந்துச் செலவும் யாருடையது, நிறுத்தினால் ஒரு மாத சம்பளம். பையன்களை டீமில் எடுப்பது யார் என்பதையும் எழுதுங்கள். நம் பக்கம் பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது, படகு முதலாளி மகனை ஸ்ட்ரைக்கராக இறக்கச் சொல்லும்போது.

கே: எனக்கு 19 வயது. படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமாக ஆட நினைக்கிறேன். மலப்புறம் செவன்ஸிலும் (ஏழு பேர் ஆடும் கால்பந்து) கூப்பிடுகிறார்கள்.
- விங்கர், வள்ளவிளை

ப: படிப்பை நிறுத்தாதே மக்கா. தூத்தூர் ஜூட்ஸ் கல்லூரியில் இருந்தாலும் சரி, வேறெங்கே இருந்தாலும் சரி, கல்லூரி டீம்தான் உனக்குக் காசு வாங்காத முழுநேரப் பயிற்சி. பல்கலைக்கழக அளவில் ஆடிய சான்றிதழ் அப்புறம் வேலைக்கு உதவும். தமிழ்நாடு அரசு வேலையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயும் தனியாக ஆள் எடுக்கிறது.

செவன்ஸில் ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் காசு வரும், ஆசை வரத்தான் செய்யும். சின்ன மைதானம், முரட்டு ஆட்டம். முட்டி போனால் கூப்பிட்ட ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டான். சீசனில் நாலு ஆட்டம் போய் வா, அதையே தொழிலாக்காதே.

மைக்கேல் சூசைராஜ் நம் இரவிபுத்தன்துறைக்காரர். சென்னை சிட்டிக்காக ஐ-லீக் ஆடி, அங்கிருந்து ஜாம்ஷெட்பூர், அப்புறம் ஏடிகே என்று ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனவர். அந்தக் கதவு திறந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்.

கே: என் வீட்டுக்காரர் ஊர் கிளப் பொருளாளர். கோச் சம்பளத்துக்காக என் வளையலை அடகு வைத்துவிட்டார். இப்போது அந்தக் கோச்சையே நிறுத்திவிட்டார்கள். வளையல் மட்டும் வரவில்லை.
- மேல்மிடாலம்

ப: அக்கா, அடகுச் சீட்டை உங்கள் கையில் வாங்கி வையுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் புதுக் கோச் பேச்சு எடுப்பதற்கு முன்னால் இந்தத் தொகையைக் கிளப்பின் கடனாக வரவு செலவு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், தலைவர் கையெழுத்தோடு. உங்கள் வீட்டுக்காரர் கூச்சப்பட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். கிறிஸ்துமஸ் டோர்னமெண்ட் வசூலில் முதல் பணம் உங்களுக்கு, அதற்கப்புறம்தான் ஜெர்சி.